ஒன்பதாவது பாட்டு

தயாபரன் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டு வந்தான். இடது கைச் சின்னவிரலில் தொடங்கிப் பெருவிரலில் முடித்து, வலது கைக்குப் போனான். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பாட்டின் பெயர். நானும் ஜூட்டும் எதிரே பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்து, சரியென்று தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

மன்னார்ப் பக்கம், நானாட்டானில் அவனுடைய வீட்டு முற்றம் அது. காலபோக நெல் அறுவடை முடிந்த கையோடு போயிருந்தோம். வைக்கோல் வாசம் மூக்கை அடைத்தது. வெயில் சரியத் தொடங்கியிருந்தது. கழுவிவிட்ட உழவு இயந்திரத்திலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எட்டாவது விரல் மடங்கியதும் ஜூட் தன் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு எழும்பினான். பேசாலைக்குப் போய், மீன் லொறியில் ஐஸ் ஏற்ற வேண்டும் அவனுக்கு.

தயாபரன் ஒன்பதாவது விரலை மடக்கினான்.

"பிறகு ‘நிழல்’," என்றான். "அதோட அல்பம் முடியுது."

ஜூட் திரும்பவும் கதிரையில் இருந்தான். எங்கள் அல்பத்தில் இருப்பது எட்டுப் பாட்டுகள்தான். ‘நிழல்’ என்று ஒரு பாட்டை நாங்கள் இருவரும் கேட்டதே இல்லை.

மூன்று பேர், ஒரு அல்பம்

இந்தப் பக்கத்தைப் புதிதாகத் திறந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சமாதான காலம் என்று இன்றைக்கும் நாங்கள் சொல்லுகிற அந்தச் சில வருடங்களில், ‘நாலாம் கட்டை’ என்று ஒரு றொக் குழு வைத்திருந்தோம். தயாபரன் பாட்டும் கிற்றாரும். ஜூட் ட்ரம்ஸ். நான் பேஸ் கிற்றார். ‘சோளகம்’ என்று ஓர் அல்பம் வெளியிட்டோம். அதற்குப் பிறகு இன்னொன்று வெளியிட எங்களுக்குக் காலம் கிடைக்கவில்லை.

குழுவின் பெயரைப் பற்றி இரண்டு கதை உண்டு. தயா நாலு கட்டைச் சுருதியில் பாடுகிறவன், அதனால்தான் என்று சங்கீதம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். தலைமன்னார் றோட்டில் நாலாம் மைல்கட்டைக்குப் பக்கத்தில் வாசித்துப் பழகினோம், அதனால்தான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எது சரியென்று கேட்டால் தயா இரண்டுக்கும் ஓம் என்பான்.

என் ஊர் அரிப்பு. கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் தொடங்கியவள் நான். சாமான் அறையில் ஒரு பேஸ் கிற்றார் தூசி பிடித்துக் கிடந்தது. தடித்த நாலு நரம்பு. ஆரும் தொடாததால் எனக்கு வந்தது. ஜூட் பேசாலையில் பாஸ்கு நாடகத்துக்கு இடி இடிக்கிறவன். யேசு உயிர் விடும் கட்டத்தில் அவன் அடிக்கிற அடியில் முன்வரிசைக் குழந்தைகள் அழும் என்று அந்த ஊரில் சொல்வார்கள். தயா நெல் விதைக்கிற குடும்பத்துப் பிள்ளை. சிற்றலை றேடியோவில் வெளிநாட்டுச் சத்தங்களைக் கேட்டுக் கேட்டு, கொழும்பில் ஒரு ஹோட்டல் வாத்தியக்காரரிடம் பழைய மின்கிற்றார் ஒன்றை வாங்கி வந்திருந்தான்.

அவனிடம் எனக்குப் பிடித்தது அவன் எழுதிய சொற்கள். படப் பாட்டுத் தமிழ் அதில் இல்லை. பஸ்ஸிலும் சந்தையிலும் நாங்கள் என்ன கதைக்கிறோமோ அதையே எழுதினான். முதலாவது பாட்டு "வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போன நீ" என்று தொடங்கும். அந்த ‘எண்டு’வை ஒலிவாங்கியில் முதல் தரம் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டில் உடுத்தியிருக்கும் சட்டையோடு வெளியில் வந்து நின்றதைப் போல.

ஐஸ் அறை

நாங்கள் வாசித்துப் பழகிய இடம் பூட்டிக் கிடந்த ஓர் ஐஸ் பக்டரி. சண்டையில் நின்றுபோனது. உள்ளே ஓர் அறை, ஐஸ் அடுக்கி வைத்திருந்த அறை. முழு நீளத்துக்கும் தக்கை பதித்த சுவர். யன்னல் இல்லை. கதவைச் சாத்தினால் உலகம் நின்றுவிடும். கை தட்டினால் சத்தம் கையிலேயே இருக்கும், எங்கும் போகாது.

பழைய மீனும் துருவும் கலந்த ஒரு குளிர்ந்த வாசம் அங்கே எப்போதும் இருந்தது. வெளியில் வெயில் கண்ணைக் குத்தும். உள்ளே ஒரு சின்ன மின்குமிழின் கீழ், மூன்று பேரும் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல மெல்ல அசைவோம். இப்போது நினைத்தாலும் அந்த நாட்கள் எனக்கு அப்படித்தான் வருகின்றன. பேச்சும் சிரிப்பும் தூரத்தில். தோளில் கிற்றார் வாரின் பாரம் மட்டும் கிட்டத்தில்.

தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று தொடங்கிய மாதத்தில்தான் ஒலிப்பதிவு செய்தோம். மன்னார்த் தீவில் சோளகம் வீசினால் கதவு, கூரை, சேலை, கதை எல்லாம் ஒரு பக்கம் சாயும். அறையின் கூரையில் ஒரு காற்றுக் குழாய் இருந்தது. போத்தல் வாயில் ஊதினால் வருமே, அப்படி ஒரு நீண்ட சத்தம் அதிலிருந்து வந்தது. ஒரே சுரம், விடாமல்.

சாக்கு அடைத்தோம். காற்று சாக்கைத் தள்ளி எறிந்தது. ஜூட் கூரையில் ஏறி ஒரு தாச்சிச் சட்டியால் மூடினான். தாச்சி பறந்து போய்ப் பற்றைக்குள் விழுந்தது.

"விடு மச்சான்," என்றான் தயா. "அவரும் வாசிக்கட்டும்."

பிறகு அவன் செய்த வேலைதான் எல்லாவற்றுக்கும் காரணம். அந்தக் குழாயின் சுருதிக்குத் தன் கிற்றாரைக் கூட்டினான். என்னையும் கூட்டச் சொன்னான். அது ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையில் எங்கோ நின்றது. அதனால் இன்றைக்கும் ‘சோளகம்’ அல்பத்துக்கு ஆரும் ஓகன் வாசித்துக் கூடப் பாட முடியாது. சுரம் ஓகனின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழும். முயன்று பார்த்த இளம் பிள்ளைகள் என்னிடம் முறைப்பாடு சொல்லியிருக்கிறார்கள்.

எஞ்சின் பழுது

அல்பம் வந்த புதிதில் ஊர் அதை விரும்பவில்லை. முதலில் கசெற்றாக வந்தது. காற்றில் புடைத்த ஒரு தறப்பாள் விரிப்பின் படத்தைப் போட்டோகொப்பி எடுத்து உறையாகப் போட்டிருந்தோம். என் அம்மா முதல் பாட்டைக் கேட்டுவிட்டு, "பிள்ளை, உது பாட்டோ, எஞ்சின் பழுதோ?" என்றா. அரிப்பில் எல்லாருக்கும் மீன்பிடி வள்ளத்து எஞ்சின் சத்தம் தெரியும். அதனால் அது கொஞ்சம் நோகத்தான் செய்தது.

ஆனால் கசெற்றுகள் திரும்பி வரவில்லை. இரவல் வாங்கினவர்கள் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் பிரதி எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள். முருங்கனில் அம்ப்ளிபயர் திருத்துகிற கடை ஒன்றில், திருத்தி முடிந்த எந்தப் பெட்டியையும் எங்கள் இரண்டாவது பாட்டின் தொடக்கத்தைப் போட்டுத்தான் சோதிப்பார்கள். அடிச்சத்தமும் மேல்சத்தமும் ஒன்றாக வருகிற இடம் அதுவாம். அந்தக் கடைக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் அந்தத் தொடக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்திருந்தார்கள். மிச்சப் பாட்டைக் கேட்காமலே.

பேசாலையில் வள்ளம் தள்ளும்போது ‘ஏலேலோ’வுக்குப் பதிலாக எங்கள் நாலாவது பாட்டின் ஓர் இழுப்பை எல்லாரும் சேர்ந்து கத்துவதாக ஜூட் சொல்லுவான். அவனே கத்தத் தொடங்கினான் என்பது என் சந்தேகம்.

பிறகு திரும்பவும் சண்டை வந்தது. பாதைகள் மூடின. குழு என்று ஒன்று இல்லாமல் போனது.

ஒரு தாலாட்டு

இவ்வளவு காலத்துக்குப் பிறகு எங்களைத் திரும்ப ஒன்று சேர்த்தவள் நிலானி. இலுப்பைக்கடவைப் பிள்ளை. கொழும்பில் ஒலிப்பதிவு படித்தவள். ஒரு நாள் நான் வேலை செய்யும் கந்தோருக்கு வந்து, முன்னாலிருந்த கதிரையில் இருந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல் வாயை மூடி ஒரு மெட்டை முனகினாள். மிகவும் மெதுவாக.

எங்கள் மூன்றாவது பாட்டில் தயாவின் கிற்றார் அலறுகிற இடம் அது. அதை அவள் குழந்தையை நித்திரையாக்குவது போல முனகினாள்.

"அக்கா, இது அம்மா எனக்குச் சொன்ன தாலாட்டு," என்றாள். "கடைசி இடப்பெயர்வில நான் சின்னப் பிள்ளை. பங்கருக்குள்ள நான் அழுதால் அம்மா இதைத்தான் முனகுவா. சொல்லு ஒண்டும் இல்லை. நான் இதைப் பழைய காலத்து ஊர்த் தாலாட்டு எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். கொழும்பில ஹொஸ்ரலில ஒரு பிள்ளை உங்கட பாட்டைப் போட்டா. நான் அதைத் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னனான்."

"அம்மாவிட்டக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான். ‘ஓமடி, உது அந்த மன்னார்ப் பெடியளின்ர பாட்டு. சத்தத்தைக் குறைச்சால் நல்ல பாட்டு’ எண்டா."

நான் சிரித்தேன். பிறகு கோப்புகளை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அல்பத்தைத் திரும்ப வெளியிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. மூலக் கசெற் ஜூட்டின் வீட்டு அலுமாரிக்குள், திருமணப் படங்களுக்குக் கீழே பத்திரமாக இருந்தது. நிலானி அதைக் கணினியில் ஏற்றி, கொழும்பு ஸ்ரூடியோவில் காற்றுச் சத்தத்தை நீக்கிப் பார்த்தாள். எல்லாம் துப்புரவாக வந்தது. எங்களுக்குப் போட்டுக் காட்டினாள்.

ஜூட் தலையைச் சரித்துக் கேட்டான். "ஆரோ மூண்டு பேர் எங்கட பாட்டை வடிவா வாசிக்கினம்," என்றான். "ஆர் அவையள்?"

அவள் காற்றைத் திரும்பப் போட்டுவிட்டாள். இந்த அல்பத்தை இன்னும் ஏன் கேட்கிறார்கள் என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்: நாங்கள் அடக்க முடியாமல் விட்டது எல்லாம் அதில் இருக்கிறது.

வெளியிடுவதற்குத் தயாபரனின் சம்மதம் வேண்டும். அதனால்தான் நிலானியையும் கூட்டிக்கொண்டு அந்தப் பின்னேரம் நானாட்டானுக்குப் போனோம்.

கேட்காத காது

தயாபரனுக்குக் காது கேட்காது. இரண்டு காதும்.

சண்டை திரும்பத் தொடங்கியபோது அவன் இலுப்பைக்கடவையில் தமக்கை வீட்டில் நின்றான். பாதை மூடியதால் நானாட்டானுக்குத் திரும்ப முடியவில்லை. சனத்தோடு சனமாகக் கிழக்கே நகர்ந்தான். கடைசிக் கட்டத்தில் பங்கருக்குக் கிட்ட ஒரு ஷெல் விழுந்தது. "சத்தம் கேக்கேல்லை றெஜி," என்று பிறகொரு நாள் சொன்னான். "அதுக்குப் பிறகு எதுவும் கேக்கேல்லை, அவ்வளவுதான்."

சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து ஊருக்கு வந்தான். தகப்பனின் வயலைச் செய்தான். கிற்றார் போன இடம் தெரியவில்லை, அதைப் பற்றி அவன் கேட்கவும் இல்லை. சில வருடங்களில் வசந்தியைக் கலியாணம் செய்தான். அவளுக்கு எங்கள் குழுவைப் பற்றி எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்த தயாபரன் காது கேட்காத, வயல் செய்கிற, நல்ல மனுசன். பாட்டுக் கதை தொடங்கினால் அவள் எழும்பி ஆட்டுக்குட்டிகளைப் பார்க்கப் போய்விடுவாள்.

அவன் பேசுவதில் குறை இல்லை. சத்தத்தின் அளவு மட்டும் கைக்குள் நிற்காது. சில சொல் முற்றம் முழுக்கக் கேட்கும், சில சொல் உதட்டுக்குள் நின்றுவிடும். எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்துக் கொஞ்சம் பிடிப்பான். வசந்தியின் வாயை மட்டும் பிசகில்லாமல் வாசிப்பான். எங்களோடு கதைப்பதற்கு அவனிடம் ஒரு போன் இருக்கிறது. பேசினால் எழுத்தாக வரும்.

அந்தப் போனுக்கு எங்களுடைய தமிழ் விளங்காது. நான் ‘வாறன்’ என்றால் ‘வாரம்’ என்று எழுதும். ஜூட் சரியென்பதற்கு ‘ஓம்’ என்றால் கோயில் கோபுரத்தில் இருக்கிற பெரிய ஓங்காரத்தைப் போட்டுவிடும். பேசாலைக் கத்தோலிக்கன் ஒவ்வொரு தரமும் அதைப் பார்த்துக் கும்பிடுவான். தயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

அல்பம் பிள்ளைகளிடம் திரும்பப் பரவத் தொடங்கிய பிறகு சிலர் அவனைத் தேடி வந்திருக்கிறார்கள். ஒருவன் பெரிய ஸ்பீக்கர் ஒன்றைத் தூக்கி வந்து, அவன் கையை அதில் வைத்து, "அதிர்வு தெரியுதா அண்ணை?" என்று கேட்டானாம். அவனுடைய கண் நிறைந்திருந்ததாம்.

"பாவம், நல்ல பெடியன்," என்றான் தயா. "தெரியுது எண்டு சொன்னனான். ரைக்ரரில கை வைச்சாலும் அப்பிடித்தானே தெரியுது."

நித்ரா

ஒன்பதாவது விரலுக்கு வருகிறேன்.

ஜூட் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னான். "மச்சான். எட்டுப் பாட்டுத்தான். கசெற் என்ர வீட்டில இருக்கு."

தயா திரையை வாசித்தான். நெற்றி சுருங்கியது.

"விசர்க் கதை. நான் ஒவ்வொரு நாளும் கேக்கிறனான்."

"எப்பிடிக் கேக்கிறாய்?" என்றேன். போனில் அல்ல, வாயால்தான். அவன் அதை வாசித்துவிட்டான்.

"வயலில. ரைக்ரர் ஓடேக்க. முதல் பாட்டில இருந்து போகும். உன்ர பேஸ் வரும், இவன்ர அடி வரும், அந்தக் காத்து வரும். ஒண்டும் மாறேல்லை. கடைசியில ‘நிழல்’ வரும். அது முடியேக்க நான் வரம்புக்கு வந்திடுவன்."

எங்களுக்குப் பக்கத்தில் இருந்த நிலானி என் பக்கம் திரும்பிக் கையை விரித்தாள். அல்பத்தை எத்தனையோ தரம் கணினியில் அலை அலையாகப் பார்த்தவள் அவள்.

"எப்ப நாங்கள் அதை வாசிச்சனாங்கள்?" என்று போனில் கேட்டேன்.

"கடைசி நாள். டீசல் முடிஞ்சு ஜெனறேற்றர் நிண்டது. இவன் வெளியில பார்க்கப் போனவன். இருட்டு. நான் சும்மா கிற்றாரைத் தட்டிப் பாடினனான். நீ தக்கைச் சுவரில சாஞ்சு, கண்ணை மூடி, முழுக்கக் கேட்டனீ."

எனக்கு அந்தப் பின்னேரம் வந்தது. மெல்ல, தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல. முதுகில் தக்கையின் குளிர்மை. பாரமான கண்கள். அதற்கு முன் நாள் முழுக்க வாசித்த விரல்களின் எரிவு. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு ஜூட் கதவைத் திறந்த வெளிச்சம்தான்.

"தயா," என்றேன் போனுக்கு. "நான் நித்திரை."

போன் யோசித்தது. ‘நான் நித்ரா’ என்று எழுதியது.

"ஆர் நித்ரா?" என்றான் தயா.

நான் கண்ணை மூடி, தலையைச் சரித்து, வாயைத் திறந்து காட்டினேன். அவன் பார்த்தான். விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தான், கோழிகள் கலைந்து ஓடின. சிரித்துக்கொண்டே இருந்தவன் மெல்லச் சிரிப்பை நிறுத்தினான்.

"அப்ப அது எதிலயும் இல்லை," என்றான்.

கரண்ட் இல்லாததால் ரேப் ஓடவில்லை. நான் நித்திரை. ஜூட் வெளியில். அந்தப் பாட்டை இந்த உலகத்தில் கேட்ட ஒரே ஆள் அவன்தான், அவனுக்கும் இப்போது காது இல்லை.

அவன் எழும்பிப் போய் உழவு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றான். அதில் ஒரு வேலையும் இருக்கவில்லை. துணியால் துடைத்ததையே துடைத்தான். கொஞ்ச நேரத்தால் திரும்பி வந்து நிலானிக்கு முன்னால் நின்றான்.

"பிள்ளை, நீர் அல்பத்தை வெளியிடும். காத்தை எடுக்காதேயும். ஆனால் ‘நிழல்’ இல்லாமல் வெளியிட வேண்டாம். அது முடியாத அல்பம். நான் பாடித் தாறன்."

நெல் மூட்டைகளுக்கு நடுவே

என் பேஸ் கிற்றாரையும் கொண்டு அடுத்த கிழமையே போனோம். நிலானி வீட்டைச் சுற்றிப் பார்த்து, நெல் மூட்டை அடுக்கியிருந்த அறையைத் தெரிந்தெடுத்தாள். மூட்டைகள் சத்தத்தைக் குடித்துவிடும் என்றாள். உள்ளே புதுநெல்லின் சூடும் தூசியும். ஓட்டில் பதித்திருந்த ஒரு கண்ணாடித் துண்டால் வெளிச்சம் இறங்கி, தூசியில் நின்றது. ஜூட் ஒரு மூட்டையின் மேல் கையால் தட்டிப் பார்த்து, இதுவே போதும், ட்ரம்ஸ் வேண்டாம் என்றான்.

தயா சொற்களைச் சொன்னான். நாங்கள் ஒருவரும் கேட்டிராத சொற்கள்.

*போற வழியில மரம் ஒண்டு நிண்டது*
*நான் நிண்டன், அது நடந்தது*
*எங்க போய் நிக்குதெண்டு கேட்டுச் சொல்லு*
*நான் அந்த நிழலில வந்து படுக்கிறன்*

"என்னால சுருதியைப் பிடிக்க ஏலாது," என்றான் என்னிடம். "உன்ர இடது கையைப் பார்த்துப் பாடுறன். நீ எந்தக் கட்டத்தில விரல் வைக்கிறியோ அந்த இடம் எனக்குத் தெரியும்."

அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. ஆனால் எந்தக் கட்டத்தில் விரல் வைப்பது என்று எனக்குத் தெரியாதே. மெட்டு அவனிடம் இருந்தது. அவன் பாடினான், நான் தேடினேன். ஓரிடத்தில் பிடித்தேன் என்று நினைத்தால் அடுத்த வரியில் அவன் வேறெங்கோ நின்றான். இரண்டாம் தரம் பாடினான். அது முதல் தரம் போல இல்லை. மேலே போக வேண்டியது கீழே போனது. குரல் நல்ல குரல்தான், வயதுக்கேற்பக் கனத்திருந்தது. ஆனால் அது பிடிமானம் இல்லாமல் மிதந்தது.

நிலானி தலையைக் குனிந்தபடி ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூட் மூட்டையின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"பிழைக்குது, என்ன?" என்றான் தயா. "முகத்தைத் திருப்பாதேங்கோ. எனக்கு முகம் வாசிக்கத் தெரியும்."

"திரும்பப் பாடு," என்றேன்.

மூன்றாம் தரம். முதல் வரியின் முடிவுக்கு வந்தான். என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்த அவனுடைய கண் உயர்ந்தது. என் தோளுக்கு மேலால் எதையோ பார்த்தது. பாட்டு நின்றது.

நான் திரும்பினேன். கதவடியில் வசந்தி தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"நீ பாடினனீ," என்றான் தயா.

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"உன்ர வாய் அசைஞ்சது. ‘நான் நிண்டன், அது நடந்தது’ எண்டு சொன்னனீ. நான் இன்னும் அந்த வரிக்கு வரேல்லை. எனக்கு முன்னம் சொல்லிப்போட்டாய்."

அவள் தட்டை ஒரு மூட்டையின் மேல் வைத்துவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். வெட்கத்தில் காது சிவந்திருந்தது.

"எனக்குப் பாடத் தெரியாது அக்கா," என்றாள் என்னிடம், கையை எடுக்காமலே. "இவர் வயலில நிண்டு கத்துறது வீடு வரைக்கும் கேக்கும். ரைக்ரர் சத்தத்துக்கும் மேலால. கலியாணம் முடிச்சு வந்த நாளில இருந்து கேக்கிறன். கேட்டுக் கேட்டு வந்தது."

"என்ன சொல்லுறாய்?" என்றான் தயா. "கையை எடு. வாய் தெரியேல்லை."

அவள் எடுக்கவில்லை.

"வசந்தி. கையை எடு. எனக்கு வாய் தெரியேல்லை."

இந்த முறை அவனுடைய சத்தம் அளவாக, மெதுவாக வந்தது. அவள் கையை எடுத்தாள். நிலானி ஒலிவாங்கியைத் தூக்கி அவளுக்கு முன்னால் வைத்தாள், ஆரும் சொல்லாமலே.

வசந்தியின் குரல் மெல்லியது. சமைத்துக்கொண்டே பாடுகிற குரல். ஆனால் மெட்டு அசையாமல் நின்றது. அவன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகத் தவறவிட்டதை எல்லாம் கேட்டு, எது நடுவில் இருக்க வேண்டுமோ அதை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். இரண்டாவது வரியில் என் விரல் இடத்தைப் பிடித்தது. ஜூட் நெல் மூட்டையில் மெல்லத் தட்டத் தொடங்கினான். அது ஒரு பெரிய விலங்கின் நெஞ்சு அடிப்பது போல இருந்தது.

தயா எங்களைப் பார்க்கவில்லை. அவள் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். தன் பாட்டை இன்னொருவர் பாட அவன் கண்டது அதுதான் முதல் தரம். அவனுடைய உதடும் கூட அசைந்தது, சத்தமில்லாமல், அவளுக்குக் கொஞ்சம் பின்னால்.

கடைசி வரியில் அவன் கையை உயர்த்தினான்.

"நில், நில். ‘நாங்கள்’ எண்டோ சொன்னனீ?"

வசந்தி நிறுத்தினாள். "ஓம். ‘நாங்கள் அந்த நிழலில வந்து படுக்கிறம்.’"

"அது ‘நான்’ எல்லோ. ‘நான் அந்த நிழலில வந்து படுக்கிறன்.’ நான்தானே எழுதினனான்."

"எழுதினது எனக்குத் தெரியாது," என்றாள் அவள், அவனுக்கு விளங்கும்படி ஆறுதலாக, வாயைத் திறந்து. "நீங்கள் பாடுறது ‘நாங்கள்’ எண்டுதான். நான் வந்த வருசம் ‘நான்’ எண்டு பாடினீங்கள். பிறகு மாத்திப்போட்டியள்."

"நான் மாத்தேல்லை."

"மாத்தினீங்கள். நான் கேட்டனான்."

அவன் என்னைப் பார்த்தான், பிறகு ஜூட்டைப் பார்த்தான். அதைக் கேட்டிருக்கக்கூடிய ஆள் எங்களில் ஒருவரும் இல்லை. அவனுடைய பார்வை திரும்பவும் அவள் முகத்துக்கே போய் அங்கேயே நின்றது.

நிலானி காதில் மாட்டியிருந்த ஹெட்போனை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, போனை வாயருகே பிடித்தாள். "அண்ணை, எதை வைக்கிறது?"

தயா திரையை வாசித்தான்.

"எனக்கெண்டால் காது கேக்காது," என்றான். "அவ பாடினபடியே வையும்."